கொடுத்ததா, திருப்பிக் கொடுத்ததா?

ஆங்கிலச் சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறோம். ‘ரெண்டிஷன்’ என்றால் பாட்டைப் பாடிக் காட்டுதல் என்று எழுதிக்கொள்கிறோம். மைசூரில் பயிலும் நாம் அத்துடன் நின்றுவிடலாமா?

1831-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்நாட்டின் ஆட்சியை மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1881 மார்ச் 25 அன்று, ஆங்கில அரசு அதனைப் பத்தாம் சாமராஜ உடையாரிடம் ஒப்படைத்தது. வரலாற்று நூல்கள் இதற்கு இட்ட பெயரே ‘ரெண்டிஷன்’. திருப்பிக் கொடுத்தல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள்; பாட்டுக்குரிய பொருள் பின்னால் வந்தது.

இதனை ‘ஆட்சி வழங்கல்’ என்று தமிழாக்கினால் என்ன ஆகும்? வழங்குகிறவன் உடையவன், திருப்பித் தருகிறவன் பிறர் பொருளை வைத்திருந்தவன். ஒரு சொல் பிழைத்தால் உரிமையே கைமாறிவிடுகிறது அன்றோ! ஆகவே ‘மீளளிப்பு’ என்பதே பொருந்தும்.

அந்த மீளளிப்பும் முழுமையானதன்று. நிபந்தனைகளும் ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய கப்பமும் அதனோடு சேர்ந்தே வந்தன. அழகிய சொல் அவற்றை மறைத்துவிட்டது.

அகராதி பொருள் சொல்லும். யார், யாருக்கு, எதை, எந்த நிபந்தனையில் கொடுத்தார் என்பதை நாம்தான் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்டுக் கற்பதே சொல்லறிவு. மற்றது வெறும் மனப்பாடமே.