இரண்டு மாயாவிகளும் ஒரு தாலாட்டும்

அகளி கடைவீதியில் நிற்கும் பஸ்களுக்கு இரண்டு திசைகள்தான். ஒன்று மலையிறங்கி மண்ணார்க்காடு போகும். மற்றது ஆனைகட்டி வழியாகக் கோவை போகும். ஊரில் காதில் விழும் மொழிகளோ மூன்று. கடைக்காரரிடம் மலையாளம், கவுண்டர் தோட்டத்தில் தமிழ், ஆடு மேய்த்துவிட்டுத் திரும்பும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இருளம். இப்படிப்பட்ட ஊரில் நாலு பேர் கூடி, "அந்தக் காலத்திலே..." என்று ஆரம்பித்தால், யாருடைய அந்தக் காலம் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

மாயாவி என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஆனைகட்டிக்குக் கிழக்கே வளர்ந்து இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டவருக்கு மாயாவி என்றால் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கிலாந்தின் 'வேலியன்ட்' பத்திரிகையில் பிறந்து, 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழ் பேசியவர். அதே வயதுக்காரர் மண்ணார்க்காட்டுப் பக்கம் வளர்ந்திருந்தால் கொஞ்சம் யோசிப்பார். அவருடைய தம்பி யோசிக்க மாட்டார். தம்பிக்கு மாயாவி என்றால் 1984 முதல் 'பாலரமா'வில் வந்த காட்டு மாயாவி. ராஜுவும் ராதாவும் கூப்பிட்டால் ஓடி வரும் நல்ல குட்டிச்சாத்தான். எதிரணியில் குட்டூசன் என்ற மந்திரவாதி, டாகினி என்ற சூனியக்காரி, ஈட்டியில் ஏறிப் பறக்கும் லுட்டாப்பி. மலைக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயர். ஆனால் இந்த மாயாவியை நினைத்து ஏங்குபவருக்கு அந்த மாயாவியைத் தெரியாது.

இந்த ஏக்கத்தின் வலிமையை 2019-ல் கேரளம் பார்த்தது. 'பாலரமா'வில் டிங்கினி என்று ஒரு புதுப் பாத்திரம் வந்தது, லுட்டாப்பி ஓரங்கட்டப்பட்டார். உடனே 'லுட்டாப்பியைக் காப்பாற்றுங்கள்' என்று இணையத்தில் ஒரு இயக்கமே கிளம்பிவிட்டது. கோஷம் போட்டவர்கள் பெரும்பாலும் பத்திரிகையின் அன்றைய குட்டி வாசகர்கள் அல்லர். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் முன்னாள் வாசகர்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்புக்கு அலைவோரிலும் நரைத்த தலைகள்தான் அதிகம். குழந்தைப் பத்திரிகை உண்மையில் யாருக்குச் சொந்தம் என்பது பதிப்பாளர்களுக்கே குழப்பம் தரும் கேள்வி.

நாடு முழுவதற்கும் ஒரே பால்யம் வாய்த்த காலம் ஒன்றும் உண்டு. 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை, ஞாயிறு காலை, தூர்தர்ஷன், ராமாயணம். இந்தி தெரியாதவர்களும் கைகட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அது நீடிக்கவில்லை. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது, ஆகஸ்டில் ஏஷ்யாநெட் வந்தது. அதன்பின் வளர்ந்த பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை மொழிவாரியாகப் பிரிந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையே வேண்டியதில்லை. செல்போனில் எல்லா நாளும் ஞாயிறுதான்.

இந்தக் கதை முழுவதும் அச்சையும் டி.வி.யையும் சுற்றியே நடக்கிறது. அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் பால்ய நினைவுக்கு வேறு சேமிப்புக் கிடங்கு இருந்தது. அம்புலிமாமாவிலும் 'பாலரமா'விலும் காடு என்றால் மந்திரவாதி இருக்கும் இடம். இங்குள்ள பிள்ளைக்குக் காடு என்றால் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் இடம். எழுத்து வடிவம் இல்லாத இருள மொழியில் கதையும் பாட்டும் வாய் வழியாகவே வந்தன. விதைப்பு நாளில் தவில், பொறை, கொகல், ஜால்ரா முழங்கப் பாட்டும் ஆட்டமுமாக ராகியும் சாமையும் தினையும் விதைக்கும் 'கம்பளம்' ஊர் கூடிச் செய்யும் சடங்கு. எந்தப் பாட்டை எப்போது பாடுவது என்பதை நிலமும் பருவமும் தீர்மானித்தன.

நிலம்தான் கை மாறியது. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடி மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-ல் பத்துக்கு நாலு பேர். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்தின் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் பெருகினார்கள். அவர்கள் தங்கள் மொழியையும் சினிமாவையும் சாமிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். விதைக்க நிலம் குறைந்த ஊரில் விதைப்புப் பாட்டுக்கு வேலை குறையும். சாமையும் ராகியும் தட்டிலிருந்து போனதன் விளைவு 2013-ல் தேசியச் செய்தியானது. அந்த ஆண்டு முப்பதுக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் அட்டப்பாடியில் இறந்தன. ஊட்டச்சத்துக் குறைவுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2017-ல், கேரள அரசு சிறுதானியத் திட்டம் ஒன்றை இங்கே தொடங்கியது.

இந்த ஊர்களிலிருந்துதான் ஒரு தாலாட்டு கிளம்பியது.

இயக்குநர் சச்சி 'அய்யப்பனும் கோஷியும்' படத்தை அட்டப்பாடியைக் களமாக வைத்து எடுத்தார். அங்குள்ள ஆசாத் கலா சங்கத்தின் பழனிசாமி மூலம் அவருக்கு நஞ்சியம்மா அறிமுகமானார். அறுபது வயதையொட்டிய இருளர் பெண், ஆடு மாடு மேய்ப்பவர், சங்கத்தின் மேடைகளில் பாடுபவர். பிள்ளைக்கு வேடிக்கை காட்டிப் பாடும் பாட்டு ஒன்றை இருள மொழியில் அவர் பாட, ஜேக்ஸ் பிஜோய் அதைப் படத்தின் பாட்டாக்கினார். 2020 பிப்ரவரியில் படம் வருவதற்கு முன்பே பாட்டு இணையத்தில் லட்சக்கணக்கானோரைச் சேர்ந்துவிட்டது. அப்போது சுற்றிய ஒரு விடியோவில், படத்தின் நாயகர்களான பிருத்விராஜையும் பிஜு மேனனையும் தெரியுமா என்று அவரிடம் கேட்கிறார்கள். தெரியாது என்று வாய்விட்டுச் சிரிக்கிறார் நஞ்சியம்மா. கேரளத்தில் ஒரு தலைமுறையின் பால்யமே பிருத்விராஜ் படங்களோடு போனது என்பதை நினைத்தால் அந்தச் சிரிப்பின் விலை தெரியும்.

சச்சி அதே ஆண்டு ஜூனில் காலமானார். 2022 ஜூலையில் 68-ஆவது தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டபோது சிறந்த இயக்குநர் அவர்தான். 'சூரரைப் போற்று'க்கு ஐந்து விருதுகள் என்று தமிழ்நாடு கொண்டாடிய அதே பட்டியலில் சிறந்த பின்னணிப் பாடகி நஞ்சியம்மா. செப்டம்பர் 30 அன்று டில்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் விருது வாங்கினார். கொடுத்தவர் சந்தாலி, வாங்கியவர் இருளர்.

அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே சர்ச்சையும் வந்தது. பல ஆண்டு சாதகம் செய்து, சுருதி தப்பாமல் பாடுபவர்கள் இருக்க இவருக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று இசைக்கலைஞர் ஒருவர் கேட்டார். பாடகர்களும் இசையமைப்பாளர்களும் பலர் நஞ்சியம்மாவுக்காகப் பேசினார்கள். இரு தரப்பும் பேசியது குரலைப் பற்றி. அந்தப் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது என்பதை அதிகம் பேர் பேசவில்லை. சாதகம் செய்யாமல் வந்த பாட்டு என்பதும் சரியல்ல. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைத் தூங்கவைத்தது சாதகம் இல்லையென்றால் வேறு எது?

இனி இருளர் பிள்ளைகளுக்கே இந்தத் தாலாட்டு எப்படி நினைவில் நிற்கும்? பாட்டி மடியில் கேட்டவளுக்கு அது மடியின் சூடு. அவள் பேத்திக்கு அது செல்போனில், பின்னணி இசையோடு, சினிமாக் காட்சியோடு வருகிறது. முப்பது ஆண்டு கழித்து அந்தப் பேத்தி "எங்கள் சின்ன வயதுப் பாட்டு" என்று சொல்லும்போது பாட்டியை நினைப்பாளா, பிருத்விராஜை நினைப்பாளா? இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சினிமாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் பாட்டு மடியிலேயே பத்திரமாக இருந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. விதைப்புப் பாட்டு எந்தச் சினிமாவுக்கும் போகவில்லை. அதற்காக அது பத்திரமாக இருந்துவிடவில்லை. பள்ளியில் மலையாளமோ தமிழோ படிக்கும் பிள்ளை, வீட்டுப் பேச்சுக்கு டில்லியில் விருது கிடைத்ததைப் பார்த்தது சிறு விஷயம் அல்ல. பேத்திக்குக் கிடைத்தது பாட்டியினுடையதைவிடக் குறைந்த நினைவு என்று சொல்ல லுட்டாப்பிக்காகக் கோஷம் போட்டவர்களுக்கு உரிமையில்லை.

தாலாட்டுக்கு ஒரு பிள்ளை போதும். மற்றப் பாட்டுகளுக்கு வயல் வேண்டும், விதை வேண்டும், கூடிநிற்க ஊர் வேண்டும். விருது வாங்கிய பிறகும் நஞ்சியம்மா, கணவர் குடும்பத்து நிலம் பிறர் கைக்குப் போய்விட்டது, மீட்டுத் தாருங்கள் என்று முறையிட்டபடி இருந்தது கேரளப் பத்திரிகைகளில் செய்தியாக வந்தது. அந்த நிலம் இருப்பது அகளியில்.