நான்காவது படம்



இந்தப் பக்கத்தின் முதல் வரிகளைக் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்து நடைமேடையில் உட்கார்ந்து எழுதினேன். போகிக்கு இரண்டு நாள் இருந்தது. பகல் ஷிப்டு முடிந்து சிப்காட் தொழிற்பேட்டை ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. என் செருப்பில் முந்தின நாள் ஒட்டிய செம்மண் இன்னும் போகவில்லை.

பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்த இளம் வாசகர் ஒருவர் எழுதியது. நான்கு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியிருக்கிறார். கதை எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே வேறொரு கதை குறுக்கே வந்துவிடுகிறதாம். மனம் ஏன் ஓரிடத்தில் தங்க மாட்டேன் என்கிறது, இது ஏதாவது கோளாறா என்று கேட்டிருந்தார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் அதைப் பயணத்துக்கு எடுத்துப் போனேன்.

இரண்டு நாள் பயணம்தான். திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் பூண்டிக்குப் போனேன். கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த, சத்தியமூர்த்தி பெயர் தாங்கிய நீர்த்தேக்கம் மார்கழிக் குளிரில் விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் அத்திரம்பாக்கம். பார்த்தால் முள்ளும் புதரும் நீரரித்த ஓடைகளும்தான். ஆனால் நம் மண்ணில் மனிதக் கை செய்த பொருள்களில் மிகப் பழையவை அந்த ஓடைக்கரையில்தான் கிடைத்தன.

அந்த இடத்தைக் கண்டறிந்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். நிலவியல் ஆய்வுத் துறையில் பாறைகளை வரைபடமாக்குவதுதான் அவருக்கு இட்ட வேலை. பிரான்சில் சோம் ஆற்றுப் படுகையில் கல்லாயுதங்கள் கிடைத்த செய்தி அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அப்படியானால் இங்கே ஏன் இருக்கக்கூடாது? 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், செம்புரைச் சரளை தோண்டிய குழியொன்றில், செதுக்கிய ஒரு கல்லை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பதுதான். அதன்பின் நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியா முழுக்க நடந்து அவர் சேர்த்தவற்றைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. சொன்ன வேலையைச் செய்தபடியே சொல்லாத ஒன்றைத் தேடிய மனம் அது. நிலைகொள்ளாத மனம் என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நாற்பது ஆண்டும் அது விடாமல் சுற்றிவந்தது ஒரே கேள்வியைத்தான்.

என்னைக் கட்டிப்போட்டது ஃபூட்டைவிடப் பழைய கதை. 1999இலிருந்து தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே தோண்டி, ஒவ்வொரு மண்ணடுக்காகப் பொறுமையாக ஆராய்ந்தார்கள். அடியில் கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தார்கள். குவார்ட்சைட் கல்லை இருபுறமும் தட்டித் தட்டி, ஒரு முனை கூராக, மறுமுனை உள்ளங்கையில் அடங்குகிறபடி செய்தவை. லட்சக்கணக்கான ஆண்டுகள், கூட்டங்கள் வந்தன, போயின. வடிவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. இதை முதலில் படித்தபோது, கற்பனையற்ற மனிதர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கற்களைப் பார்த்ததும் அந்த எண்ணம் போயிற்று. இரு பக்கமும் அத்தனை சீராக அமைய வேண்டிய அவசியம் வெட்டுவதற்கு இல்லை. யாரோ ஒருவருக்கு அது அப்படி அமைந்தால்தான் மனம் ஒப்பியிருக்கிறது.

பிறகு மாற்றம் வந்தது. 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அத்திரம்பாக்கத்தில் செய்முறை மாறத் தொடங்கிவிட்டதென்று 2018இல் அதே குழு எழுதியது. அதுவரை, அந்தப் புதிய முறை இந்தியாவுக்கு வெகு பிற்காலத்தில் வந்ததென்றே பலர் கருதியிருந்தார்கள். பெரிய கைக்கோடரி குறைந்து, சிறிய, மெல்லிய சில்லுக் கருவிகள் பெருகின. அவற்றில் ஒரு வகைக்கு லெவல்வா என்று பெயர். அந்த முறையில் கல்லின் மேற்பரப்பை முதலில் பொறுமையாகச் சுற்றிச் சுற்றிச் செதுக்கி வைக்கிறார்கள். கடைசியாக விழும் ஓர் அடியில், முன்பே மனத்தில் கண்ட வடிவத்தில் சில்லு ஒன்று பெயர்ந்து விழுகிறது. கோடரி செய்யும்போது காலடியில் உதிர்ந்ததே சில்லு. அதைப் பழைய ஆட்களும் எடுத்துப் பயன்படுத்தியிருப்பார்கள். ஆனால் அதற்காகவே கல்லைத் தயார் செய்வது வேறு புத்தி. செய்தவர் யார், எந்த மனித இனம், சொல்ல முடியாது; அந்தக் கருவிகளோடு மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. கல் மட்டும்தான் சாட்சி.

ஓடைக்கரையில் நின்றபோது அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. பழைய வடிவத்தை ஆயிரம் முறை செய்து கை பழகிய ஒருவருக்குத்தான் அது போதாமல் போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தம்பி, உங்கள் மனம் அலைவது கோளாறில்லை. அது தட்டிப் பார்க்க ஒரு கல் வேண்டும், அவ்வளவுதான். மூன்று கம்பெனி மாறியதைப் பற்றி வருந்த வேண்டாம். மூன்றிலும் கை எதைக் கற்றுக்கொண்டது என்பதை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு பக்கக் கதைகளையும் கிழிக்காமல் வைத்திருங்கள். உதிர்ந்த சில்லுகளில் எது எப்போது வேலைக்கு ஆகும் என்று தெரியாது.

காலடியில் ஒரு கல் சிவப்பாக மின்னியது. குனிந்து பார்த்தேன், எடுக்கவில்லை. பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே போகும் வாசகர்களும் எடுக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இடம் மாறிய கல் தன் வயதைச் சொல்லாது.

மறுநாள் பெரியபாளையம் வழியாகக் கவரைப்பேட்டை வந்து, கும்மிடிப்பூண்டி. லாரி லாரியாகப் பழைய இரும்பு அங்குள்ள இரும்பாலைகளுக்குள் போகிறது. உலையில் உருகி, உருளைகளுக்கிடையே நீண்டு, கட்டடக் கம்பியாக வெளியே வருகிறது. காற்றில் அதன் கரி இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்களின் இருமலைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லாமல் விட மனமில்லை.

ரயில் வந்தது. எதிர் இருக்கையில், கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் இளைஞர். ஏதோ ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் படம் போட்டுக்கொண்டிருந்தார். தகட்டில் துளை போடும்போது அதைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு என்பது அவர் பேச்சிலிருந்து புரிந்தது.

“கிளாம்ப்பை இந்தப் பக்கம் மாத்திட்டா, ரெண்டு தடவை கழட்டி மாட்ட வேண்டாம்டா.”

“சூப்பர்வைசர் ஒத்துக்கணுமே” என்றார் நண்பர்.

“அது இருக்கட்டும். மொதல்ல எனக்குச் சரியா வரணும்.”

பொன்னேரி வருமுன் முதல் படத்தைக் கோடிட்டு அடித்தார். மீஞ்சூரில் இரண்டாவது. எண்ணூர் தாண்டியபோது மூன்றாவதையும் ஒதுக்கிவிட்டு, நண்பரின் ரசீதைக் கேட்டு வாங்கினார். நண்பர் தூங்கிவிட்டார். வெளியே இருட்டிவிட்டது. திருவொற்றியூரில் அவர் எழுந்தபோது நான்காவது படம் பாதியில் இருந்தது. பென்சிலைக் காதில் செருகி, ரசீதை மடிக்காமல் கையிலேயே பிடித்தபடி இறங்கினார்.

அன்புடன்,
ஆசிரியர்