தேய்ந்தது கிளட்ச், வெளியே வருவது இன்ஜின்! - எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் காரின் வினோதம்

டாப் கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் 'விர்ர்ர்' என்று கத்துகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. மேனுவல் கார் வைத்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது! இன்றைய கார் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். அதுவே பழைய எம்.ஜி.பி என்றால்?

1962-ல் அறிமுகமாகி 1980 வரை, இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் இது. 1,798 சிசி இன்ஜின், இரண்டு எஸ்.யூ கார்புரேட்டர்கள் என எளிமையான வண்டி. பானெட்டைத் திறந்தால் எல்லாமே கைக்கு எட்டும். அதனாலேயே, வீட்டு கராஜில் தாங்களே ரிப்பேர் பார்ப்பவர்களின் செல்லப்பிள்ளை. ஆனால், கிளட்ச் விஷயத்தில் மட்டும் இந்தச் செல்லப்பிள்ளை அடம்பிடிக்கும்.

ஏன் இவ்வளவு பெரிய வேலை?

பின்சக்கரங்களுக்குச் சக்தி போகும் பல கார்களில், கியர்பாக்ஸை மட்டும் அடியில் இறக்கி கிளட்ச்சை மாற்றிவிடலாம். எம்.ஜி.பி-யில் அந்த வழி இல்லை. பாடியோடு சேர்ந்த டனலுக்குள் கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. எனவே, இன்ஜினைத் தூக்கியே ஆக வேண்டும். இன்ஜினை மட்டும் தூக்கலாம், அல்லது கியர்பாக்ஸோடு சேர்த்தும் தூக்கலாம்.

முதலில் இதைப் பாருங்கள்!

கியர் 'கர்ர்ர்' என்று விழுந்தால், உடனே கிளட்ச் மேல் பழியைப் போடாதீர்கள். இதில் கிளட்ச் ஹைட்ராலிக் முறையில் இயங்குகிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும்; அது கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடை நகர்த்தும். ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, அந்த ராடை நீங்கள் கவனியுங்கள். சுமார் அரை அங்குலமாவது நகர வேண்டும். நகரவில்லை என்றால் திரவக் கசிவு, லைனில் காற்று, பழசாகி உப்பும் ஹோஸ், பெடலில் தேய்ந்துபோன பின் என ஏதோ ஒன்றுதான் காரணம். இதைப் பார்க்காமல் இன்ஜினை இறக்கினால், உழைப்பும் பணமும் வீண்.

டாப் கியரில் இன்ஜின் வேகம் மட்டும் ஏறுகிறதென்றால், பெரும்பாலும் தேய்மானம், இல்லாவிட்டால் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கும்.

கழற்றும் படலம்

முதல் வேலை பேட்டரி இணைப்பைத் துண்டிப்பது. 1974 வரை வந்த கார்களில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் ஒளிந்திருக்கும். அடுத்து பானெட், ரேடியேட்டர், சைலன்ஸர் பைப், ஒயர்கள். ஒவ்வோர் இணைப்பையும் போட்டோ எடுத்து, சீட்டு ஒட்டி வைப்பது நல்லது. ஸ்லேவ் சிலிண்டரை பைப்போடு அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டால், திரவத்தைத் திறக்கவே வேண்டாம். தொங்கும் இன்ஜினுக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது.

தூசியில் ஆபத்து!

பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால், பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் திரும்பி வரலாம். 'புஸ்' என்று காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். சரியான மாஸ்க் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

மாட்டும்போது...

இவ்வளவு தூரம் வந்தபின் பிளேட்டை மட்டும் மாற்றுவது சிக்கனமல்ல. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீலில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க ஆயில் சீல் இருக்கும் மாடல் என்றால், அதையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால், கசியும் ஆயில் புது பிளேட்டையும் கெடுத்துவிடும்.

பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். திருப்பி மாட்டினால், மறுபடி முதலிலிருந்து! நடுமையம் பிசகாமல் இருக்க அலைன்மென்ட் டூல் அவசியம். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும்போது, ஒன்றின் எடை பிளேட்டின் மேல் தொங்கினால் புது பிளேட் வளைந்துவிடும்.

உங்கள் காருக்கும்தான்!

எம்.ஜி.பி-யின் ரிலீஸ் பேரிங்கில் பால்ஸ் கிடையாது. வெறும் கிராஃபைட் வளையம்தான். சிக்னலில் கியரைப் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடியே நின்றால், அது தேய்ந்துகொண்டே இருக்கும். நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். உங்கள் வீட்டு மேனுவல் காருக்கும் இது பொருந்தும். கிளட்ச் பெடல், கால் வைத்து ஓய்வெடுக்கும் இடமல்ல!