வாசனை டப்பாவைக் கழட்டுங்க, அப்புறம் விலை பேசுவோம்

பழைய கார் வாங்குனதும் நம்மாளுங்க செய்யுற காரியங்களுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். அடுத்தது டேஷ்போர்டுல ஒரு சாமி. மூணாவது, ஏசி காத்து வர்ற இடத்துல சொருகுற வாசனை டப்பா. முதல் ரெண்டுல எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. மூணாவதுலதான் தகராறு.

காருக்குள்ள நாத்தம் வருதுன்னா, எங்கயோ ஏதோ ஒண்ணு ஊறிக்கிட்டோ, அழுகிக்கிட்டோ, கசிஞ்சுக்கிட்டோ இருக்குன்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிச்சு எடுக்காம மேல மல்லிகைப்பூ வாசனை அடிச்சா, மல்லிகைப்பூ வாசனையோட சேர்ந்த நாத்தம் வரும். அவ்வளவுதான். வாங்கினவர் அடிச்சா அது காசுக்குப் பிடிச்ச கேடு. விக்கிறவர் அடிச்சா? அங்கதான் விஷயமே இருக்கு. அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல நம்ம ஏரியா நாத்தங்களைப் பார்ப்போம். ராஜபாளையத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் ஓடுற வண்டிகளுக்குன்னே சில விசேஷங்கள் உண்டு :-)

ஒண்ணு, குற்றால நாத்தம். சீசன் வந்தா விடிகாலையில கிளம்பி, அருவியில குளிச்சுட்டு, ஈரத் துண்டோட அப்படியே சீட்டுல உக்காந்து ஊர் திரும்புற கூட்டம் நாம. அய்யனார் அருவிக்குப் போனாலும் இதே கதைதான். தண்ணி சீட்டு ஸ்பாஞ்சுல இறங்கும். அங்கிருந்து கார்ப்பெட்டுக்கு அடியில இருக்கிற மெத்தை மாதிரியான துணியில போய் உக்காரும். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், அடியில வாரக்கணக்குல ஈரம் நிக்கும். அப்புறம் பூஞ்சை. இதுக்கு ஒரே வைத்தியம், சீட்டைக் கழட்டி, கார்ப்பெட்டைத் தூக்கி, வெயில்ல போடுறது. நம்ம ஊர் வெயில் சும்மாதானே கெடக்கு? ரெண்டு மூணு நாள் நல்லாக் காய்ஞ்சா முக்கால்வாசி வேலை முடிஞ்சது. மேல மேல வாட்டர் வாஷ் விட்டீங்கன்னா பூஞ்சைக்குத் தண்ணி ஊத்தி வளர்த்த மாதிரி ஆயிரும்.

ரெண்டு, பால் நாத்தம். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா ஊர் பக்கத்துல இருக்கு, பால் சிந்தாத வண்டி எத்தனை இருக்கும்? பால் கெட்டா அதுல இருக்கிற கொழுப்பு உடைஞ்சு பியூட்ரிக் அமிலம் வரும். கெட்டுப்போன வெண்ணெய் வாடை, வாந்தி வாடை எல்லாம் இதோட கைங்கரியம்தான். இங்க நிறைய பேர் செய்யுறது, உடனே சுடுதண்ணி ஊத்தித் தேய்க்கிறது. சூடு பட்டா பால்ல இருக்கிற புரதம் கெட்டியாகித் துணியோட ஒட்டிக்கும். முதல்ல பச்சைத் தண்ணி, துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும். அப்புறம் என்சைம் கலந்த சோப்புத்தூள் கரைசலைப் போட்டு சில மணி நேரம் ஊறவிடணும். புரதத்தையும் கொழுப்பையும் உடைக்கிற வேலையை அந்த என்சைம் பார்த்துக்கும். கடைசியில நல்லா அலசி, காயவைக்கணும். வீட்டு நாய் ஒண்ணுக்கு அடிச்ச சீட்டுக்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

மூணு, சிகரெட். இது சீட்டுல மட்டும் இருக்காது. கூரைத் துணி, கண்ணாடி உள்பக்கம், சீட் பெல்ட், ஏசி குழாய் எல்லாத்துலயும் பிசின் மாதிரி படிஞ்சிருக்கும். கண்ணாடியை வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க, மஞ்சளா வந்தா வண்டி ஓட்டினவரோட பழக்கம் தெரிஞ்சிரும். ஒவ்வொரு பரப்பையும் துடைக்கணும். குறுக்கு வழி கிடையாது.

நாலு, ஏசி போட்டதும் முதல் பத்து செகண்டு குப்புனு அடிக்கிற புளிச்ச வாடை. கூலிங் காயில்ல எப்பவும் ஈரம் இருக்கும், அதுல தூசி சேர்ந்து கிருமி குடித்தனம் பண்ணும். ஃபில்டரை மாத்தணும் (பழைய சின்ன வண்டிகள் பலதுல ஃபில்டரே கிடையாது), காயிலைச் சுத்தம் பண்ணணும், தண்ணி வெளிய போற ட்யூப் அடைச்சிருக்கான்னு பார்க்கணும். அதுக்கப்புறம் ஒரு பைசா செலவில்லாத பழக்கம்: வீடு வர்றதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி ஏசியை அணைச்சுட்டு புளோயரை மட்டும் ஓட விடுங்க. காயில் காஞ்சிரும், வாடை திரும்ப வராது.

அஞ்சு, எலி. வயக்காட்டுப் பக்கம், மில்லுப் பக்கம் நிறுத்துற வண்டிகள்ல புளோயருக்குள்ள போய்ச் செத்துக் கெடக்கும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கிட்டு எடுங்க. எலி மூத்திரத்துலருந்து வர்ற காய்ச்சல் லேசுப்பட்டது இல்லை.

இதெல்லாம் எடுத்த பிறகு மிச்சம் மீதி இருக்கிற லேசான வாடைக்கு சமையல் சோடா தூவி ராத்திரி பூரா விட்டு வேக்குவம் பண்ணலாம். சிரட்டைக் கரியிலிருந்து செய்யுற ஆக்டிவேட்டட் கார்பன் பொட்டலம் ரெண்டு சீட்டுக்கடியில வைக்கலாம். இது ரெண்டும் வாடையை இழுத்து வெச்சுக்கும். ஆனா மூலத்தை எடுத்த பிறகுதான், அதுக்கு முன்னாடி இல்லை.

செய்யக்கூடாதது ரெண்டு. பாச்சை உருண்டை போடாதீங்க சாமி. வெயில்ல பூட்டின காருக்குள்ள 50 டிகிரிக்கு மேல போகும், அந்த உருண்டை ஆவியாகி முழுக்க நம்ம நுரையீரலுக்குத்தான் வரும். ஜி6பிடி என்சைம் குறைவா இருக்கிற குழந்தைகளுக்கு நாப்தலீன் ரத்த அணுக்களையே உடைச்சிரும். இன்னொண்ணு, ஓசோன் மெஷின். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே இதைப் பத்தித் தெளிவா எச்சரிச்சிருக்கு. மனுஷனுக்கு ஆபத்தில்லாத அளவுல விட்டா அது வாடையைப் பெருசா எடுக்காது, வாடையை எடுக்கிற அளவுல விட்டா நுரையீரலுக்கு ஆகாது. ரப்பரும் வெடிக்கும்.

அப்புறம், சில வாடைகளை சுத்தம் பண்ணவே கூடாது, நேரா மெக்கானிக்கிட்ட போகணும். பெட்ரோல் வாடை, வயர் கருகுற வாடை, இனிப்பா ஒரு வாடை (ரேடியேட்டர் கூலன்ட் ஹீட்டர்ல கசியுதுன்னு அர்த்தம்), புகை வாடை. கடைசியா சொன்னதுதான் ஆள் கொல்லி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கூட வர்ற புகை வாடை மட்டும்தான் நமக்குக் கிடைக்கிற துப்பு. அதையும் சந்தன வாசனை போட்டு மறைச்சுட்டு, கண்ணாடியை ஏத்திட்டு, ஏசியில தூங்குனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்ப விக்கிறவர் கதைக்கு வருவோம்.

2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டீங்க. 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல்ல சென்னை மூழ்குச்சு. ரெண்டு வாரம் கூட ஆகலை, 17, 18-ல தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்குச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஒரே மாசத்துல மாநிலத்தோட ரெண்டு முனையிலயும் எத்தனையோ கார்கள் தண்ணிக்குள்ள நின்னுச்சு. 2015 டிசம்பர்ல சென்னையில நின்ன மாதிரியே. அந்தக் கார்கள் எல்லாம் உடைக்கிற கடைக்கா போயிருக்கும்? கழுவி, காயவெச்சு, வாசனை அடிச்சு, வேற ஊருக்கு விலைக்குப் போனதும் இருக்கும்.

அப்படி ஒண்ணைப் பார்க்குற பாக்கியம் எனக்கும் கிடைச்சுச்சு. போன வருஷம் மச்சானுக்காக வண்டி பார்க்கப் போனோம். எந்த ஊர், எந்த கன்சல்டிங்ங்கிறது வேண்டாம். விலை மார்க்கெட்டை விட நல்லாவே கம்மி. பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி மினுங்குது. உள்ள மூணு வாசனை டப்பா. மூணு! கூட வந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒண்ணும் பேசலை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். அடியில ஒரு சாண் அளவுக்கு செம்மண் கறை. டிக்கியில ஸ்டெப்னியைத் தூக்கினார், பள்ளத்துல வண்டல். சீட் போல்ட்டெல்லாம் துரு.

"அண்ணே, வெள்ளத்துல நிக்காத வண்டின்னு பில்லுல ஒரு வரி எழுதிக் குடுங்க, இப்பவே அட்வான்ஸ் தர்றோம்"னான் மச்சான்.

"அதெல்லாம் எழுதுற பழக்கம் இல்லை தம்பி. எல்லாம் நம்பிக்கைதான்."

வந்துட்டோம்.

இதுல என்ன பெரிய ஆபத்துன்னு கேக்கலாம். நாத்தம்தானே, பழகிரும்னு. பழகும், உண்மைதான். நம்ம மூக்கு சில நிமிஷத்துலயே எந்த வாடையையும் கண்டுக்காம விட்டிரும். ஆனா ஏர்பேக்கை இயக்குற கண்ட்ரோல் பெட்டி பெரும்பாலான கார்கள்ல கியருக்குப் பக்கத்துல, தரையோட தரையா இருக்கு. முட்டளவு தண்ணி நின்னா முதல்ல குளிக்கிறதே அதுதான். வயர் கனெக்டர் உள்ளுக்குள்ள மெல்ல அரிக்கும். மாசக்கணக்குல ஒண்ணும் தெரியாது. விரியவேண்டிய அன்னைக்கு ஏர்பேக் விரியாது. திருமங்கலம் - கொல்லம் ரோட்டுல ராத்திரி லாரிகளுக்கு நடுவுல ஓட்டுறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல இப்படிப்பட்ட வண்டியோட உரிமைப் பத்திரத்துலயே வெள்ளத்துல நின்னதுன்னு குறிச்சிருவாங்க. அங்கயும் 2005 கத்ரீனா புயலுக்கப்புறம் திருட்டுத்தனம் நடந்துச்சு, ஆனா குறிக்கணும்னு ஒரு முறையாவது இருக்கு. நம்ம ஆர்.சி.யில அப்படி ஒரு வரி கிடையாது. பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. கிட்ட அங்கீகாரம் வாங்கணும்னு 2022 டிசம்பர்ல மத்திய அரசு விதி கொண்டு வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா வண்டி யார் பொறுப்புல இருக்குங்கிறதுதான் அதோட முக்கியக் கவலை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், சர்வீஸ் சென்டருக்குத் தெரியும், வாங்குறவனுக்கு மட்டும் தெரியாது. ஆர்.சி.யில அந்த ஒரு வரி வேணும்னு நாம கேக்கணும்.

வெள்ளத்துல வண்டியைப் பறிகொடுத்தவங்களை நான் குத்தம் சொல்லலை. அவங்க பாவம், கடன்ல வாங்கின வண்டியா இருக்கும், மூணாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தா சல்லிக்காசு வந்திருக்காது. உண்மையைச் சொல்லி, அதுக்கேத்த விலைக்கு வித்தா வாங்கவும் ஆள் இருக்கு. தெரிஞ்சு வாங்குறவன் வயரிங்கையும் ஏர்பேக்கையும் மாத்திக்குவான். மறைச்சு விக்கிறதுதான் அநியாயம்.

ஆர்.சி.யில வரி வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது இது:

வண்டி பார்க்கப் போறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, வாசனை டப்பா எல்லாம் எடுத்துட்டு, ஒரு மணி நேரம் வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தி வைக்கச் சொல்லி. போனதும் நீங்களே கதவைத் திறங்க. முதல் மூச்சுதான் உண்மை பேசும். அப்புறம் ஏசியைப் போட்டு இன்னொரு மூச்சு. பெல்ட்டை இழுங்க, ஸ்டெப்னியைத் தூக்குங்க, மேட்டுக்கு அடியில கைவிட்டுத் தடவுங்க. பழைய வண்டிக்குப் புத்தம்புது கார்ப்பெட் போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. விக்கிறவரோட பழைய பாலிசியில நோ கிளைம் போனஸ் திடீர்னு பூஜ்யமாகியிருந்தா, எந்த மாசம், எதுக்கு கிளைம்னு கேளுங்க. அந்த ஒரு வரியை பில்லுல எழுதி வாங்குங்க.

எழுதி வாங்குனா என்ன லாபம்? டீலர்கிட்ட வாங்கின வண்டியில மறைச்ச குறை தெரிஞ்சா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரெண்டு வருஷம் வரை அவகாசம், 5 லட்ச ரூபாய் வரைக்குமான வண்டிக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. அதுக்காக மதுரை வரை அலையவும் வேண்டாம். விருதுநகர் மாவட்ட ஆணையம் இருக்கிறதே ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். ராஜபாளையத்துல பஸ் ஏறினா பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்.

கடைசியா ஒண்ணு. எங்க ஊரு ராஜபாளையம் நாய் உலகப் பிரசித்தம், 2005-ல தபால்தலையே வந்துச்சு. ஆனா அது மோப்பத்தை விடக் கண்ணை நம்பி வேட்டையாடுற இனம். அதுக்கு அது சரி. பழைய கார் வாங்குறப்ப மட்டும் தயவுசெஞ்சு அதைப் பார்த்துப் பழகாதீங்க, மூக்கை நம்புங்க.