அப்பாவின் நீர் மாத்திரை மகளுக்கு எதற்கு?

மாதவிலக்குத் தேதி நெருங்கும்போது வயிறு கும்மென்று நிற்கும், மோதிரம் இறுகும், மார்பு கனக்கும். உடனே, "நீர் கோத்திருக்கு, ஒரு நீர் மாத்திரை போட்டா வடிஞ்சிரும்" என்பார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். மாத்திரைக்கு அலையவும் வேண்டாம். அப்பாவின் இதயத்துக்கு எழுதிக் கொடுத்த 40 மில்லிகிராம் லாசிக்ஸ் அட்டை அலமாரியிலேயே இருக்கும்.

முதலில், வயிற்றை உப்பவைப்பது பெரும்பாலும் நீர் அல்ல. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் வேகத்தைக் குறைக்கிறது; மலம் கட்டுகிறது, வாயு சேர்கிறது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை அந்த வாயுவை என்ன செய்துவிடும்? கனடாவில் 62 பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், வீக்க உணர்வு உச்சத்தைத் தொட்டது உதிரப்போக்கின் முதல் நாளில். அதன்பின் அது தானாகவே வடிந்தது. மாத்திரைக்குக் கிடைக்கிற நல்ல பெயரில் பாதி இந்த நாட்களுக்குரியது.

"எடை குறைந்ததே" என்பார்கள். குறையும். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு மணி நேரம் போல நீடிக்கும். போவது ரத்தத்தின் நீரும் உப்பும். இழப்பை உணர்ந்த சிறுநீரகம் அடுத்து உப்பைப் பிடித்து வைக்கத் தொடங்கும். வீக்கம் திரும்பும், இன்னொரு மாத்திரை தேடவைக்கும்.

"அப்பா தினமும் போடுகிறாரே, ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அப்பாவுக்குப் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்து அளவு சொல்ல டாக்டர் இருக்கிறார். மகளோ அதை விழுங்கிவிட்டு வெயிலில் தொழிலுறுதித் திட்ட வேலைக்குப் போகிறாள். கழிப்பறை இல்லாத இடம் என்பதால் தண்ணீரும் குடிப்பதில்லை. வயிற்றுவலிக்கு மெஃப்டால் வேறு. நீர் வற்றிய உடம்பில் இந்த இரண்டும் சேர்ந்தால் அடி சிறுநீரகத்துக்கு. பொட்டாசியம் இறங்கினால் தசை பிடிக்கும், நெஞ்சு படபடக்கும்.

டாக்டர்களே மாதவிலக்கு வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதுவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு மருந்து: ஸ்பைரோனோலாக்டோன். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த சில சிறிய ஆய்வுகளில் பலன் தெரிந்தது. அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, ஏற்றும். கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்கள் தவிர்க்க வேண்டியது. லாசிக்ஸ் அதற்கு மாற்று ஆகாது.

தேதி முடிந்த பிறகும் முகமும் காலும் வீங்கியே இருந்தால் சிறுநீரகம், இதயம், தைராய்டு பார்க்க வேண்டும். நாற்பது தாண்டியவருக்கு உப்புசம் மாதம் முழுக்க விடாமல் நின்றால் சினைப்பையை ஸ்கேன் செய்ய வேண்டும். பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரிக்கோ நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டிய அந்த வாரங்களை, அலமாரி மாத்திரை விழுங்கிவிடக் கூடாது.