தன் கணக்கைத் தானே பார்க்கும் பாடகர்

'ராப்' என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் இல்லங்களில் அநேகர். அந்தச் சுளிப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பொன் சங்கிலியும் வசைமொழியும் பெண்களை இழிவுபடுத்தும் சொற்களுமாகத்தான் அது தொலைக்காட்சி வழியே நம் கூடத்துக்குள் நுழைந்தது. ஆனால் 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழை இளைஞர்கள் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்துத் தொடங்கிய இக்கலையில், ஊரை ஏசாமல் தன் உள்ளத்தைத் தானே விசாரிக்கும் கலைஞர்களும் உண்டு. அவர்களுள் ஒருவர் நம் தீனைச் சேர்ந்தவர். பிரதர் அலி என்பது அவர் பெயர்.

1977இல் விஸ்கான்சின் மாநிலத்தில் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர். பிறவியிலேயே நிறமியற்ற மேனி. முடியும் இமையும் வெண்மை. சட்டப்படி பார்வையற்றவர் என்று கருதப்படும் அளவுக்குக் குன்றிய பார்வை. பள்ளியில் கேலி செய்தோர் நடுவே அவரை அரவணைத்துக்கொண்டவர்கள் கறுப்பினப் பிள்ளைகளே. கே.ஆர்.எஸ். ஒன் என்னும் மூத்த ராப் கலைஞரின் சொற்பொழிவுக்குச் சென்ற சிறுவனை, மால்கம் எக்ஸின் சுயசரிதையைப் படிக்குமாறு அவர் பணித்தார். அந்நூல் அலியை இஸ்லாத்தின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது. பதினைந்தாம் வயதில் கலிமா மொழிந்து, இமாம் வாரிஸ் தீன் முஹம்மதின் ஜமாஅத்தில் இணைந்தார்.

அவரை மேடையில் கண்டது மினியாபொலிஸ் நகரில். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதல் முஸ்லிமாகக் கீத் எல்லிசனைத் தேர்ந்தெடுத்த நகரம் அது. சோமாலிய முஸ்லிம்கள் பெருந்திரளாக வாழும் ஊர். 2023இல் ஐவேளை பாங்கையும் ஒலிபெருக்கியில் ஒலிக்க நகர மன்றம் அனுமதி தந்தது. நான் போனது அதற்கு முன்பு. அங்கே பணிபுரியும் என் சகோதரியின் மகன்தான் அழைத்தான். "மாமா, பாட்டுக்காக வரவேண்டாம், சொல்லுக்காக வாருங்கள்" என்றான். இஷாவை முடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

'ஃபர்ஸ்ட் அவென்யூ' என்பது அந்த அரங்கின் பெயர். 1937இல் பேருந்து நிலையமாகக் கட்டப்பெற்று, 1970இல் இசைக்கூடமாக மாறிய கட்டடம். கரிய புறச்சுவரெங்கும் வெள்ளி விண்மீன்கள். அவற்றுள் அங்கே பாடியவர்களின் பெயர்கள். உள்ளே மதுவும் விற்கிறார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஓரமாக ஒரு தூணருகே நின்றுகொண்டோம்.

பருத்த உடலும் வெண்தாடியுமாக அவர் வந்து நின்று ஸலாம் உரைத்தார். கூட்டத்தில் பாதிப்பேர் பதில் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. ஆட்டமில்லை, ஆர்ப்பாட்டமில்லை. தம் தோற்றத்தைத் தாமே நகைத்தார், மணமுறிவைச் சொன்னார், மகனிடம் பேசினார். வேகமான ஆங்கிலத்தில் எனக்குப் பிடிபடாமல் போனது பாதி. ஒரு பாடல் மட்டும் முழுவதும் விளங்கியது. 2017இல் வெளிவந்த தொகுப்பில் உள்ளது. அவருடைய பாட்டனாரும் தந்தையும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். அந்தத் தந்தையை நோக்கி மகன் பேசுவதே பாடல். பழியும் பாசமும் கலந்து, தான் எங்கே தவறினோம் என்று தன்னையே குடைந்து கேட்கிறார். அரங்கில் அப்போது தாளத்தைத் தவிர வேறு ஓசை இல்லை.

அந்த அமைதியில் என் நினைவு நம் ஊர்களுக்குச் சென்றது. தற்கொலை பெரும்பாவம், அதில் ஐயமே இல்லை. ஆனால் அப்படி ஒரு மவுத் நேர்ந்த வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? மாரடைப்பு என்று ஊருக்குச் சொல்கிறோம். பிள்ளைகளிடமும் அதையே சொல்கிறோம். விவரம் தெரிந்த வயதில் அப்பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? தன் உயிரை மாய்த்தவருக்கும் மற்ற முஸ்லிம்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தவேண்டும் என்பதே ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் உள்ளிட்ட பெரும்பான்மை அறிஞர்களின் தீர்ப்பு. மார்க்கம் கதவை அடைக்காத இடத்தில் நாமாகத் தாழ்ப்பாள் போடுகிறோம். மனம் வாடிக் கிடப்பவரை 'ஈமான் குறைவு' என்று ஏசி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்கும் குடும்பங்களையும் நான் அறிவேன். கணக்குக் கேட்கப்படும் முன்பே தன்னைக் கணக்குப் பார்க்கச் சொன்ன கலீஃபா உமர் (ரலி) அவர்களின் அறிவுரையைப் பயானில் கேட்டுத் தலையசைக்கும் நாம், இந்த ஒரு கணக்கை மட்டும் திறப்பதேயில்லை.

'இசைக்கூடத்துக்குப் போய்விட்டா இந்த உபதேசம்?' என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் செவியேற்றல் பற்றித் தனியொரு பகுதியே வகுத்தார்கள். நல்ல பாடலை அவர்கள் அறவே விலக்கவில்லை. குடிகாரர் அவையோடு சேர்ந்த நரம்பு, துளைக் கருவிகளை விலக்கினார்கள். மற்ற இமாம்களில் இன்னும் கடுமையாகச் சொன்னவர்களே மிகுதி. ஆகவே அந்த அரங்குக்குப் போங்கள் என்று எவரையும் நான் அழைக்கவில்லை. இதையே மருமகனிடமும் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. அந்தப் பாடலின் சொற்களை மட்டும் தாளில் எடுத்து எனக்கு அனுப்பினான். வீட்டில் இருமுறை படித்தேன். இரண்டாம் முறை என் மனைவியும் உடன் அமர்ந்து கேட்டாள்.