மலிவு பிராசசரை விரட்டலாமா?

149 டாலர் சரக்கு, 669 டாலர் சரக்குக்குச் சவால் விட்டது!

அமெரிக்காவில் 1998-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த கதை இது. "இன்டெல்" கம்பெனி அப்போது ஒரே சமயத்தில் இரண்டு பிராசசர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று "செலரான் 300ஏ". இது மலிவுச் சரக்கு. மொத்த வியாபாரிகளுக்குக் கம்பெனி வைத்த விலை 149 டாலர். மற்றொன்று "பென்டியம் 2". வேகம் 450 மெகாஹெர்ட்ஸ். விலை 669 டாலர்.

பிராசசர்தான் கம்ப்யூட்டரின் மூளை. அதற்குள் ஒரு துடிப்பு ஓயாமல் ஓடுகிறது. அந்தத் துடிப்புக்கு ஏற்பத்தான் வேலை நடக்கும். 300 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 30 கோடி துடிப்பு. 450 என்றால் 45 கோடி.

மலிவுச் சரக்கை வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. மதர்போர்டில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினார்கள். 66 என்று இருந்த துடிப்பை 100 ஆக்கினார்கள். செலரான் அதை நாலரை மடங்காகப் பெருக்கிக்கொள்ளும். 300-ல் ஓடவேண்டியது 450-ல் ஓடியது! பல விளையாட்டுகளில் பென்டியத்துக்கு ஏறக்குறைய சமமாக நின்றது. இப்படி விரட்டுவதற்குத்தான் "ஓவர்கிளாக்கிங்" என்று பெயர்.

எப்படி முடிந்தது?

இதில் மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு பிராசசர்களுக்கும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்கு மலிவுச் சரக்கும் வேண்டும், விலை உயர்ந்த சரக்கும் வேண்டும். ஆகவே வேகமாக ஓடக்கூடியதும், மெதுவான சீட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

இன்னொரு வசதியும் இருந்தது. பிராசசரின் துடிப்பு ஏறியபோதும், மற்ற கார்டுகளுக்குப் போகும் துடிப்பு பழைய 33-லேயே நின்றது. விரட்டப்பட்டது மூளை மட்டும்தான். மற்ற பாகங்கள் தப்பின.

ஆனால் எல்லாச் செலரானும் 450-ல் ஓடிவிடவில்லை. சில ஓடின. சில தடுமாறின. சிலவற்றுக்கு வோல்டேஜைக் கூட்டவேண்டியிருந்தது.

உரலும் உலக்கையும்

இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்துகிறார்கள். ஒரு உலக்கை மேலே போன பிறகுதான் மறு உலக்கை கீழே வரவேண்டும். வேகம் அளவு மீறினால் என்ன ஆகும்? உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும்.

பிராசசருக்குள்ளும் இதே கதைதான். ஒரு கணக்கு முடிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், விடை தப்பாகிவிடும்.

"பிராசசர் எரிந்துவிடுமோ?" என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். இக்காலத்துப் பிராசசர் சூடு மிஞ்சினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். உண்மையான ஆபத்து வேறு. நின்றுபோகிற கம்ப்யூட்டரைவிட, நிற்காமல் தப்புக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர்தான் பொல்லாதது! கடைக் கணக்கில் ஒரு எண் மாறும். குழந்தையின் புகைப்படம் பாதியில் சிதைந்துபோகும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

பதறாத காரியம் சிதறாது

விரட்டியே தீரவேண்டும் என்கிறவர் முறையோடு செய்யட்டும்.

முதலில், முக்கியமான பைல்களை வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து வைக்கவேண்டும். விசிறியில் அடைந்த தூசியைத் துடைக்கவேண்டும். பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும். ஒவ்வொரு படியிலும் சோதனை செய்யவேண்டும்.

"பிரைம்95" என்ற புரோகிராம், விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, சரியாகப் போடுகிறதா என்று பார்க்கும். "மெம்டெஸ்ட்86" நினைவகத்தைச் சோதிக்கும். இவை இரவு முழுவதும் ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஒரு படி கீழே இறங்கவேண்டும். பிழை வராத படி கிடைத்த பிறகும், இன்னும் ஒரு படி இறங்கி நிற்பதே புத்திசாலித்தனம். மார்கழிக் குளிரில் ஓடியது சித்திரை வெயிலிலும் ஓடும் என்பது என்ன நிச்சயம்?

வோல்டேஜைத் தொடுவது கடைசிப் படி. வேகம் 10 சதவீதம் ஏறினால், வேலை செய்யும்போது வரும் சூடும் ஏறக்குறைய 10 சதவீதம்தான் ஏறும். கூடவே வோல்டேஜும் 10 சதவீதம் ஏறினால், சூடு சுமார் 33 சதவீதம் ஏறிவிடும்! ஆயுளும் குறையும்.

வோல்டேஜ் விஷயத்தில் கம்பெனிக்கே சறுக்கியது உண்டு. 13, 14-ம் தலைமுறை பிராசசர்கள் சிலவற்றுக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதாக 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டவும் செய்தது. ஆனால் வாங்கியவரே விரட்டிக் கெடுத்தால், உத்தரவாதம் பெரும்பாலும் கைகொடுக்காது.

யாருக்கு லாபம்?

1998-ல் கிடைத்த லாபம் 50 சதவீதம். இன்று அது கிடைப்பது அரிது. இக்காலத்துப் பிராசசர், சூட்டைப் பார்த்துத் தானே வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. விரட்டுகிறவருக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இன்டெல்லின் மலிவுச் சரக்கில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டும் போட்டிருக்கிறது. 2014-ல் பூட்டு இல்லாமல் வந்த "பென்டியம் ஜி3258" ஒரு விதிவிலக்கு. "ஏ.எம்.டி." கம்பெனியின் "ரைசன்" பிராசசர்களில் பலவற்றுக்குப் பூட்டு இல்லை.

தன் பணத்தில் வாங்கிய பிராசசரை ஒருவர் விரட்டிப் பார்ப்பது குற்றம் அல்ல. அதனால் கம்ப்யூட்டரைப் பற்றிய அறிவு வளரும். மேஜையில் இரண்டாவது கம்ப்யூட்டர் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

ஆனால் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அப்பாவின் கணக்கு, பிள்ளையின் பாடம், குடும்பத்தின் படங்கள், எல்லாம் அதற்குள்தான். அதை வைத்துப் பந்தயம் ஓட்டக்கூடாது. அது பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷின் என்றால், அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடலாம். கண்ணுக்குத் தெரிகிற வேகம் வரும். கணக்கும் தப்பாது.

சீக்கிரம் வருகிற தப்பான விடையால் யாருக்கும் பயன் இல்லை. சற்றுத் தாமதமாக வந்தாலும் சரியான விடைதான் வீட்டுக்கு லாபம்!